ஆறு சிலிண்டருக்கு இரண்டு குழாய்

பெரியப்பா மகனை நான் அண்ணன் என்று கூப்பிடுவது பழக்கத்தால் மட்டுமே. அதைப் பாசம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டுக் காருக்கு எந்தச் சைலென்சர் போடுவது என்று நாங்கள் அடித்துக்கொண்ட காலத்தில் அந்தப் பழக்கமும் விட்டுப்போகப் பார்த்தது.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் வெளிநாட்டில் செய்த பெரிய வண்டி. மூக்கும் நீளம், வாலும் நீளம். மூக்குக்குள் ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். புதுச்சேரியில் ஒரு பழைய பங்களாவின் ஷெட்டில், கோழிகள் அடைந்துகிடந்த நிலையில் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கி, லாரியின் பின்னால் கட்டி விழுப்புரத்துக்கு இழுத்து வந்தார்கள். இருவரும் லாரி ஓட்டியவர்கள். அதற்கு முன் எங்கள் தெருவுக்குள் கார் வந்தால் யாரையோ தேடி வந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுடையது என்று வந்து நின்ற முதல் கார் அதுதான். ஓட வைத்த பிறகு கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். வளவனூரிலிருந்து திண்டிவனம் வரை மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தக் கார்தான் வேண்டும் என்று கேட்பார்கள்.

அப்பா இறந்த பிறகு ஆர்சி புத்தகம் பெரியப்பா பெயரிலேயே இருந்தது. சாவி அண்ணனின் இடுப்பில் இருந்தது. காருக்கு அடியில் படுத்து எண்ணெய் குடித்தது மட்டும் நான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, சென்னையில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து அடுத்தவன் போட்ட டிராயிங்கைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். அதற்காக வீட்டில் கேட்ட பேச்சு தனிக் கதை.

போன தையில் ஒரு கல்யாணத்தில்தான் வினை வந்தது. ஊர்வலத்தின் வரிசை எல்லோருக்கும் தெரியும். முன்னால் பேண்டு செட்டு, அடுத்து மாப்பிள்ளை உட்கார்ந்த கார், இரு பக்கமும் விளக்குத் தூக்குபவர்கள், காரின் பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்கள், கடைசியில் ஜெனரேட்டர் வண்டி. கார் நடக்கிற வேகத்தில்தான் போகும். அப்படி ஊர்ந்துகொண்டே போனதில், உள்ளே துருப்பிடித்து ஓட்டையாகியிருந்த பழைய சைலென்சர் கரித்தண்ணீரைக் கக்கியது. கக்கியது மாப்பிள்ளையின் அத்தை கட்டியிருந்த பட்டுப்புடவையின் மேல். அந்த அம்மாள் மண்டப வாசலில் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஊரையே கூட்டிவிட்டார்.

"கல்யாணத்துக்கு வந்தனா, கரி மூட்டை தூக்க வந்தனா? யார்ரா இந்த ஓட்ட வண்டிய இட்டாந்தது?"

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. மண்டபத்துக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டது போல ஒரே பதிலைச் சொன்னார்கள்: பார்ட்டி வேற வண்டி சொல்லிட்டாங்க.

அந்தச் சமயம் பார்த்து, புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஓட்டல் கட்டிக்கொண்டிருந்த ஒருவரை அண்ணன் வீட்டுக்கு அழைத்து வந்தான். அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜினை ஏதோ அழுக்குத் துணி மூட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இத்த கழட்டிட்டு, இந்த எடத்துல ஐஸ் கொட்டி இளநி அடுக்கிட்டா சூப்பரா இருக்கும். கெஸ்டுங்களே பானெட்ட தூக்கி எடுத்துக்குவாங்க."

அண்ணன் சிரித்தான். ஓட்டல்காரரின் கை இன்னும் உள்ளேதான் இருந்தது. பானெட்டின் தாங்கு கம்பி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் தட்டிவிடவில்லை என்பதை எனக்கு நானே ஒரு நற்சான்றிதழாக வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பெரியப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அவர் சத்தத்தைக் குறைத்தால் தீர்ப்பு வருகிறது என்று அர்த்தம்.

"வைகாசியில வளவனூர்ல ஒரு கல்யாணம் கீது. என் கூட லாரி ஓட்டுனவன் வூடு, அதனால நம்ம வண்டியதான் கேக்குறான். அது ஒரு கொறையும் இல்லாம முடிஞ்சிதுன்னா வண்டி நம்ம வூட்லயே கெடக்கட்டும். எவனாவது வாயத் தொறந்தான்னு வெய்யி, இளநி விக்கப் போவட்டும். ரெண்டு பேரும் கேட்டுக்கினீங்களா?"

கேட்டுக்கொண்டோம். மறுநாள் காலையே சண்டை ஆரம்பித்தது.

அண்ணனின் யோசனை எளிமையானது. "ரெண்டர இஞ்சு பைப்பு ஒண்ணு. சைலென்சரே வாணாம். டிரைவர் கதவுக்குக் கீழயே வெளிய வுட்ருவோம். ஸ்டார்ட் பண்ணா தெரு அதிரணும். கரித்தண்ணி பின்னால போனாத்தான பொம்பளைங்க புடவ மேல படும்?"

"பக்கத்துல விளக்கு தூக்கிக்கினு வர்ற ஆளு மேல படலாமா? அவங்கல்லாம் மனுசங்க இல்லியா?"

"அவங்க பட்டுப்புடவையா கட்டிக்கினு வர்றாங்க?"

"ணா, இது ஆறு சிலிண்டரு. டமடமன்னு அடிக்கிறதுக்கு இது இன்னா மோட்டார் சைக்கிளா?"

"ஆமா, அத்தயும் நீதான் படிச்சிட்ட. படிச்சவ மெட்ராசுல வேலைய வுட்டுட்டு வந்து இங்க இன்னா புடுங்கிக்கினு கீற?"

அவனுக்குத் தேவைப்பட்டது அதிர்வு. அவன் ரீல்ஸ் போடுகிறவன். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கார் கதவைச் சாத்துவான். பின்னணியில் ஏதாவது பாட்டு ஓடும். அதற்குக் கொஞ்சம் உறுமலும் சேர்ந்தால் இன்னும் நாலு இதயம் விழும் என்று கணக்கு.

நான் அந்த இன்ஜினின் நிஜமான குரலைக் கேட்டிருக்கிறேன். அப்பா இருந்தபோது, எல்லாம் சரியாக இருந்த நாட்களில், அது சும்மா நிற்கும்போது மூடிய அறைக்குள் யாரோ கதை கேட்டு 'ம்' கொட்டிக்கொண்டே இருப்பது போலக் கேட்கும். காரணம் இருக்கிறது. ஆறு சிலிண்டர்களும் வரிசையாக வெடிப்பதில்லை. முதலில் ஒன்று, பிறகு ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நான்கு. அதாவது முன்பக்க மூன்றில் ஒன்று, பின்பக்க மூன்றில் ஒன்று என்று மாறி மாறி. முன் மூன்றுக்கு ஒரு குழாய், பின் மூன்றுக்கு ஒரு குழாய் என்று பிரித்துவிட்டால் ஒவ்வொரு குழாயிலும் மூச்சு சம இடைவெளியில் வரும். ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளாது. குழாய்கள் ஒல்லியாக இருக்க வேண்டும். ஊர்வலத்தில் நடக்கிற வேகத்தில் போகும் வண்டிக்குத் தடிக் குழாய் போட்டால் புகைக்கு வேகம் இருக்காது. உள்ளேயே தங்கித் தண்ணீராகும், அந்தத் தண்ணீர் கரியாகும், அந்தக் கரி அத்தைமார் மேல் போய் விழும். இரண்டு குழாய்களின் வாயும் காரின் பின் மூலைகளில், வெளிப்பக்கம் திரும்பி இருக்க வேண்டும். சீர்த்தட்டுப் பெண்கள் நடுவில் கொத்தாகத்தான் நடப்பார்கள். மூலைகளில் யாரும் வருவதில்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார். "அவ சொல்றபடியே செய்யி. கெட்டா அவ தலையில போவட்டும்." அதைத் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. என் கழுத்தில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார், அவ்வளவுதான்.

சைலென்சர் வேலைக்குத் திண்டிவனம் போனோம். நெடுஞ்சாலையை ஒட்டி லாரிகளுக்குப் புகைக்குழாய் செய்யும் பட்டறை. பழைய சைலென்சரைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு, திறந்த வாயோடு கத்திக்கொண்டே போனது கார். சுங்கச்சாவடியில் சீட்டுக் கொடுத்தவர் காதைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். அண்ணன் கண்ணாடியை இறக்கி, "இன்னா சவுண்டு பாத்தியாண்ணே!" என்றான். அவர் சொன்னது அப்போது தெளிவாகக் கேட்டது. "அப்பால போயி சாவுங்கடா" என்றார்.

பட்டறைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அண்ணனிடம் மட்டுமே பேசினார். நான் கேட்ட கேள்விகளுக்கும் பதில் அவனுக்குத்தான் போனது.

"வேன் சைலென்சர் ரெடியா கீது தம்பி. மாட்டிக்கினு ஜல்தியா போயினே இரு. இந்தப் படமெல்லாம் வரைஞ்சிக்கினு வந்தா பேஜாரு."

"முன் மூணு தனி, பின் மூணு தனி. ஒண்ணே முக்கால் இஞ்சுக் குழாய்" என்றேன்.

"பாப்பா இன்னா ஊதுவத்திக்கு ஸ்டாண்டு செய்யச் சொல்லுதா?" என்று அண்ணனைக் கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஊதுவத்தி ஸ்டாண்டு செய்யத் தெரிஞ்சா செய்யுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. ரோட்டுக்கு அந்தாண்ட இன்னொரு பட்டற கீது."

அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை. குழாய்க்குள் மணல் அடைத்து, காய்ச்சி, கோபத்தோடே வளைத்தார். முதல் வளைவு பின்சக்கர அச்சில் இடித்தது. வெட்டி எறியச் சொன்னேன். இரண்டாவது வளைவு மடிந்து நசுங்கியது. அதையும் எறியச் சொன்னேன். "பாப்பாவுக்கு வூட்டுக்காரன் வந்தா அவன் செத்தான்" என்றார், இந்த முறையும் அண்ணனைப் பார்த்து. நான் நகரவே இல்லை. கீழே படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு வெல்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். குழாய் ஒன்றுக்கு நடுவில் ஒரு சைலென்சர், வாலில் ஒரு சைலென்சர். மொத்தம் நான்கு. அந்தப் பட்டுப்புடவை என் கண்ணிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டுமே என் நினைப்பு.

ஸ்டார்ட் செய்தோம். பட்டறைக்காரர் பானெட்டுக்குள் எட்டிப்பார்த்தார், ஓடுகிறதா என்று. விசிறி சுற்றியது. அதுதான் பதில். வாலில் கை வைத்துப் பார்த்தேன். சூடான காற்று சீராக, இந்தக் குழாயில் ஒன்று அந்தக் குழாயில் ஒன்று என்று உள்ளங்கையைத் தட்டியது. குரல் மட்டும் இல்லை. 'ம்' கூட இல்லை.

"ஊமையாக்கிட்டியே" என்றான் அண்ணன்.

"உன் வாயையும் இப்பிடிச் செய்ய முடியுமான்னு கேட்டுப் பாக்குறேன்."



வைகாசியில் வளவனூர்க் கல்யாணம் வந்தது. புறப்படும் நேரத்தில் அண்ணன் சாவியை என் மேல் விட்டெறிந்தான். "உன் சைலென்சரு, நீயே ஓட்டு." அவன் வெள்ளை வேட்டி சட்டையில், நண்பர்களோடு விருந்தாளி போல வந்தான். நான் ஓட்டுவேன் என்று அவன் நினைக்கவில்லை. ஓட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்கள். "பொம்பளப் புள்ளையா ஓட்டுது? வண்டிக்கு பிரேக்கு கீதாம்மா?" மாப்பிள்ளை பின்சீட்டில் மாலையோடு ஏறி உட்கார்ந்து, "யக்கா, பாத்து, எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல" என்றார். அவருக்கு என்னைவிட வயது அதிகம்.

கோயில் வாசலில் பேண்டு அடிக்க ஆரம்பித்தது. முதல் கியரில், கிளட்சைப் பாதி அழுத்தி ஊர்ந்தேன். காற்றே இல்லாத மாலை. கண்ணாடியில் சீர்த்தட்டுப் பெண்கள் தெரிந்தார்கள். ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒருவரும் முந்தானையை இழுத்துப் பிடிக்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டினோம். மண்டபத்து வாழைமரங்கள் தெரிந்தன. இளநீர் ஓட்டல்காரர் முகத்தை நினைத்துக்கொண்டு உள்ளுக்குள் சிரிக்க ஆரம்பித்த அந்த நேரத்தில், கார் தானாக முன்னால் பாய்ந்தது.

நான் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. பிரேக்கை மிதிப்பதற்குள் முன் பம்பர் பேண்டு செட்டின் பெரிய டிரம்மில் போய் முட்டியது. டிரம்காரர் முழங்காலில் விழுந்தார். டிரம்மின் தோல் கிழிந்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை என் மடியில் வந்து விழுந்தது. பேண்டு நின்ற பிறகுதான் பின்னாலிருந்து கத்தல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஏழெட்டு இளைஞர்கள் டிக்கியில் கை வைத்து, தலையைக் குனிந்து, உயிரைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குய்யா தள்றீங்க?"

"வண்டி நின்னுப்போச்சுல்ல? ஹெல்ப் பண்ணோம்."

"ஓடிக்கினுதான கீது!"

"சவுண்டே இல்லியே!"

பேண்டு மாஸ்டர் பம்பரைத் தன் கோலால் அடித்தார். டிரம்காரரின் முழங்காலில் ரத்தம். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் என்று இரண்டு வீட்டாரும் என்மேல் பாய்ந்தார்கள். பெரியப்பாவின் நண்பர் தலையில் கை வைத்து நின்றார். கூட்டத்துக்குள் அண்ணனைத் தேடினேன். அவன் வலது பின் மூலையில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இளநி."

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. ஓட்டல்காரருக்குப் போன் போனது. அவர் ஞாயிறு வருவதாகச் சொன்னார். வண்டியைக் கழுவி வைத்திருக்கிறோம், வாங்க சார் என்று போனில் அண்ணன் அவ்வளவு மரியாதையாகப் பேசியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதோடு விட்டிருந்தால் கார் போயிருக்கும். அவனால் விட முடியவில்லை. சனிக்கிழமை ரீல்ஸ் போட்டான். அவன் நண்பன் எடுத்த வீடியோ. 'இன்ஜினியர் தங்கச்சி செஞ்ச சைலென்சர்' என்று மேலே எழுதி, சிரிக்கிற பொம்மைகளைக் கொட்டியிருந்தான். என் கல்லூரித் தோழி ஒருத்தி அனுப்பிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

முதல் தடவை ஆத்திரத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது தடவை முழுதும் பார்த்தேன். காரின் பின்பக்கம் தெரிகிறது. வலது மூலையில் அண்ணன், டிக்கியில் ஒரு கை வைத்து நடக்கிறான். திரும்பி நண்பர்களைப் பார்த்துக் கத்துகிறான். பேண்டு சத்தத்துக்கு நடுவிலும் கேட்கிறது: "இன்ஜின் நின்னுப்போச்சு, தள்ளுங்கடா!" அவனைச் சுற்றி எல்லார் வேட்டியும் தொங்குகிறது, ஓர் இலை கூட ஆடாத மாலை. அவன் வேட்டி மட்டும், வலது முழங்காலுக்குக் கீழே, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குழாயின் வாய் நேராக அங்கேதான் இருந்தது. நான் வைத்த இடம்.

பெரியப்பாவிடம் போனைக் கொடுத்தேன். டிவியை அணைத்தேன், குறைக்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"அந்த வேட்டி எதுக்கு ஆடுது?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க பெரியப்பா. முப்பது வருசமா லாரி ஓட்டுனீங்கல்ல?"

அண்ணன் வாசலில் நின்றிருந்தான். "காத்து அடிச்சிருக்கும்" என்றான்.

"உனுக்கு மட்டும் அடிச்சிதா காத்து?" பெரியப்பா போனை என்னிடம் நீட்டவில்லை, கட்டிலில் போட்டார். "காலுல சுடச்சுட ஊதிக்கினு கீது. இன்ஜின் நின்னுப்போச்சுன்றான். டிரம்முகாரன் கால் ஒடிஞ்சிருந்தா எவன்டா பதில் சொல்றது? நாளைக்கு வர்றவன்கிட்ட வண்டி விக்கிறதுக்கு இல்லன்னு நீயே சொல்லு. உன் வாயாலயே சொல்லு."

எனக்குச் சாதகமாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன். என் பக்கம் திரும்பி, "நீ இன்னா பாக்குற? ஓடுறது எவனுக்கும் தெரியாத மாதிரி ஒரு வண்டியச் செஞ்சி வெச்சிட்டு. போ அந்தாண்ட" என்றார். அவ்வளவுதான். அப்படித்தான் கார் எங்கள் வீட்டில் தங்கியது.

திங்கட்கிழமை தனியாகத் திண்டிவனம் போனேன். பட்டறைக்காரருக்கு இந்த முறை பேச அண்ணன் இல்லை. என்னிடம்தான் பேசியாக வேண்டும்.

"வாலுல கீற ரெண்டையும் கழட்டுங்க. வெறும் குழாய் போதும். நடுவுல கீறது இருக்கட்டும்."

"அப்பவே சொன்னேன்ல, நாலு வாணாம்னு."

"நீங்க சொல்லல. நீங்க வேன் சைலென்சர மாட்டச் சொன்னீங்க."

"எதுவோ ஒண்ணு சொன்னேன்ல" என்று முனகிக்கொண்டே வெட்டினார்.

குழாய்களின் வாயை இன்னும் கொஞ்சம் வெளியே திருப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். நான் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தபோது பட்டறையின் தகரக் கூரை மெல்ல அதிர்ந்தது. அப்பா காலத்து 'ம்' இல்லை அது. அதைவிடத் தடித்த குரல். கேட்கிறவன் பதில் சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது.

ஆவணியில் மறுபடி வேலை வந்தது, வளவனூரிலேயே, அதே பேண்டு செட்டு. பேண்டு மாஸ்டர் புறப்படும் முன் என் கண்ணாடியைத் தட்டி, "இந்தத் தபா முட்டுன, உன் வண்டி மேலயே ஏறி நின்னு வாசிப்பேன்" என்றார். சாவியை அண்ணன் இப்போது கேட்பதில்லை. ஆனால் பெரியப்பா அவனை என்னோடு அனுப்பினார், பின்னால் எவனும் வண்டியைத் தொடாமல் பார்த்துக்கொள்ள. அவன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு காருக்குப் பின்னால் நடந்தான்.

பாதி வழியில் பேண்டு மாஸ்டர் திரும்பி, வாசிப்பதை நிறுத்தாமலே கையால் சைகை காட்டினார்: சத்தத்தைக் குறை. நான் குறைக்கவில்லை. அவர் வாயசைவு தெரிந்தது. நல்ல வார்த்தை இல்லை.

கண்ணாடியில் பார்த்தேன். வலது மூலையில் அண்ணன், குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, வேட்டியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். கூட்டம் நெருக்கி அவனை உள்ளே தள்ளியது. கால் குழாயின் வாய்க்கு நேராக வந்தது.

கிளட்சை முழுக்க அழுத்திக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு மிதி மிதித்தேன். கார் நகரவில்லை. அவன் துள்ளிக் குதித்ததை இரண்டு வீட்டாரும் பார்த்தார்கள்.